போண்டாவும் நான்கு ஆராய்ச்சியாளர்களும்

சாத்தாங்குறிச்சி கலைக் கல்லூரியில் நான்கு மேதைகள் படித்தார்கள். கடவுள் மூளை விநியோகம் செய்த அன்றைக்கு நால்வரும் லீவு. அந்தப் பழக்கம் பிறகும் விடவில்லை என்பதுதான் பேராசிரியை ஜெசிந்தாவின் தலைவலி.

வேண்டுமென்று மட்டம் போடுகிறவர்கள் இல்லை, பாவம். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள். பருவத் தொடக்கத்தில் லேட்டாக வந்ததற்கு அவரவர் வாத்தியார் "வெளியே நில்லு" என்றார்கள். "உள்ளே வா" என்று பிறகு யாரும் சொல்லவில்லை. இரண்டு மாதம் வராந்தாவிலேயே நின்றார்கள். தமிழ்த்துறை இன்பசேகருக்கும் கணிதம் துளசிமணிக்கும், விலங்கியல் கிளாட்வினுக்கும் பொருளியல் நசீருதீனுக்கும் சிநேகம் பூத்தது அங்கேதான்.

அட்டெண்டன்ஸ் இல்லை, ஆகவே ஹால் டிக்கெட் இல்லை. பரீட்சை எழுதாவிட்டால் இன்னொரு வருஷம் இதே கல்லூரி, இதே நால்வர். வருகைப்பதிவுப் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. இன்னொரு வருஷம் இவர்களைத் தாங்க அவள் தயாராக இல்லை.

ஒரு வழி இருந்தது. மாணவர் ஆய்வு நாளில் ஆராய்ச்சி சமர்ப்பிப்பவர்களுக்குக் குறைகிற அட்டெண்டன்ஸைத் தருவதாக முதல்வர் அறிவித்திருந்தார். ஜெசிந்தா நால்வரையும் பிடித்து உட்கார வைத்தாள்.

"நாலு துறையும் சேர்ந்து ஒரே ஆய்வு. நல்லாத் தெரிஞ்ச பொருளா எடுங்க. எடுத்த பொருளைச் சிதைக்கக் கூடாது. கண்ணால பார்க்காத எதையும் எழுதக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. நால்வருக்கும் நன்றாகத் தெரிந்த பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கேன்டீனில் போய் ஒரு போண்டா வாங்கி வந்தார்கள். மூன்று வாரம் ஆராய்ச்சி தடையில்லாமல் நடந்தது. முடிவுரையில்தான் சிக்கல்.

"உள்ளே உருளைக்கிழங்குன்னு எழுதிடலாமா?" என்றான் நசீருதீன்.

"நீ பார்த்தியா?" என்றாள் துளசிமணி.

"போன மாசம் தின்னேனே!"

"அது போன மாச போண்டா. இது வேற."

"அப்ப இதைப் பிச்சுப் பார்ப்போம்."

"சிதைக்கக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்கல்ல?" என்று கிளாட்வின் கண்டித்தான்.

வெகு நேரம் யோசித்து, 'போண்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பது மனித அறிவுக்கு எட்டாதது' என்று முடித்தார்கள். போஸ்டரின் நடுவில் மூன்று வார போண்டாவை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஆய்வு நாள் காலையில் ஜெசிந்தா கடைசியாக ஒரு முறை ஓதினாள். "போஸ்டர் பார்க்கிறவங்க கண் மட்டத்துல இருக்கணும். அதை விட்டு அசையக் கூடாது. போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் ஒப்பிக்காதீங்க. நடுவர் வந்து 'இது என்ன'ன்னு கேட்டதும் ஆரம்பிங்க. ஆரம்பிச்சா மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

அவள் தலை மறைந்ததும் மாநாடு கூடியது.

"நடுவர் எவ்வளவு உயரம்?"

"தெரியாதே."

"அப்ப ஆணி அடிக்காதீங்கடா. கையில பிடிச்சுக்குவோம், ஆளுக்குத் தக்கபடி ஏத்தி இறக்கலாம்."

"நடுவர் இவர்தான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"'இது என்ன'ன்னு எவர் கேட்கிறாரோ அவர்தான் நடுவர்," என்றாள் துளசிமணி. கணிதம் படித்தவள் அல்லவா.

பதினோரு மணிக்கு நடுவர் வந்தார். எழுத்தைப் படிக்கக் குனிந்தார்; போஸ்டர் சரேலென்று இறங்கியது. நிமிர்ந்தார், மூக்கில் இடித்துக்கொண்டு ஏறியது.

"சொல்லுங்கப்பா," என்றார். நால்வரும் அவரைக் கருணையோடு பார்த்தார்கள்.

"தலைப்பு என்ன?"

நால்வரும் போஸ்டரை இன்னும் ஓர் அங்குலம் ஏற்றினார்கள்.

"வாயில என்ன, கொழுக்கட்டையா?"

'இது என்ன' வரவில்லை. ஆகவே பதிலும் வரவில்லை. பெரிய பூஜ்யமாகப் போட்டுவிட்டு அவர் நகர்ந்தார். எதிர் வரிசையிலிருந்து ஜெசிந்தா கையைக் காலை ஆட்டியதைப் பார்த்து இன்பசேகர் பதிலுக்குக் கையசைத்தான்.

மதியம் இரண்டரைக்கு அவள் நால்வரையும் முதல்வர் அறைக்கு இழுத்துப் போனாள். போஸ்டரும் போயிற்று, அதை விட்டு அசையக் கூடாதே! வாசலில் நின்று பல்லைக் கடித்தபடி எச்சரித்தாள்: "நான் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது. நான் பேசிக்கிறேன்."

பேசினாள். கெஞ்சினாள். "பயத்துல வாயடைச்சுப் போச்சு சார். ரொம்ப அடக்கமான பிள்ளைங்க. இன்னொரு வருஷம் இவங்களை வச்சுக்க என் உடம்புல தெம்பு இல்லை."

முதல்வருக்கு மனம் இளகியது. அட்டெண்டன்ஸ் பாரத்தை இழுத்து வைத்து, பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடப்போனவர் மூக்கைச் சுளித்து நிமிர்ந்தார். எதிரே நூலில் ஏதோ பச்சையாக ஆடியது.

"இது என்ன?"

நான்கு முகமும் மலர்ந்தன. நடுவர் வந்துவிட்டார்!

"அவையோருக்கு வணக்கம்!" என்று இன்பசேகர் முழங்கி, போண்டாவைத் திங்களுக்கு ஒப்பிட்டுப் பாடினான். துளசிமணி சுற்றளவைச் சொன்னாள். "இரண்டு வாரம் இது அசையவில்லை, ஆகவே உயிரற்றது. மூன்றாம் வாரம் மயிர் முளைத்தது, ஆகவே சந்தேகம்," என்றான் கிளாட்வின். நசீருதீன் தொடர்ந்தான்: "பத்தரைக்குக் கேன்டீனில் போண்டா இருக்கிறது, ஆள் இல்லை. பத்தே முக்காலுக்கு ஆள் இருக்கிறது, போண்டா இல்லை."

"போதும்பா," என்றார் முதல்வர்.

"மணி அடிக்கலையே சார்!" என்று நால்வரும் முதலிலிருந்து தொடங்கினார்கள்.

முதல்வர் மேஜை மணியை அழுத்தினார். கரண்ட் இல்லை. மூன்றாம் சுற்றில் திங்கள் மறுபடி உதித்தபோது ஜெசிந்தாவுக்குப் பொறுமை போயிற்று. வெளியே ஓடினாள். வராந்தாவில் கல்லூரி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைப் பக்கத்திலிருந்த இரும்புக் கம்பியால் வெளுத்து வாங்கினாள்.

அறைக்குள் சத்தம் நின்றது. அடுத்த நொடி ஆயிரத்து இருநூறு பேர் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டை நோக்கிப் பாய்ந்தார்கள். வாத்தியார்கள் அவர்களுக்கு முன்னால் போனார்கள்.

கம்பியும் கையுமாக, மூச்சிரைக்க ஜெசிந்தா உள்ளே வந்தாள். ஜன்னல் வழியே காலியாகிற கல்லூரியைப் பார்த்த முதல்வரின் பேனா பாரத்துக்கு மேலே அந்தரத்தில் நின்றது. அவர் மெல்லத் திரும்பி, அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தார்.

"மேடம், இது என்ன?"

ஜெசிந்தா பதில் தேடுவதற்குள், போஸ்டர் முதல்வரின் கண் மட்டத்துக்கு ஏறிவிட்டது.

"அவையோருக்கு வணக்கம்!" என்றான் இன்பசேகர்.