மூன்று பன்றிக் கேடயம்

கடல் கடந்த இங்கிலாந்தில், வாள் வைத்திருந்தவன் பேச்சே சட்டம் என்றிருந்த காலத்தில், ஒரு சின்ன ஊர்த் தேவாலயத்துக்குள் ஒரு கல் குடும்பம் குடியிருந்தது.

குடும்பத் தலைவர் ஓஸ்பெர்ட் பிரபு. உயிரோடு இருந்தபோது பாதி நாட்டை ஆட்டிப் படைத்தவர். இப்போது தன் கல்லறையின் மேலேயே இரும்புச் சட்டை போட்ட கல் உருவமாக மல்லாந்து படுத்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மாபல் சீமாட்டி. அவளும் கல்தான். இருவரும் கைகோத்துப் படுத்திருந்தார்கள். கல்லறையின் பக்கவாட்டில் அவர்களுடைய பிள்ளைகள் முழ உயரத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் கடைசியில் குட்டிப் பெண் எம்மா. சீமாட்டியின் காலடியில் அவளுடைய செல்ல நாய் டோரி சுருண்டு கிடந்தது. பெரிய மனிதர்களின் கல்லறையில் காலடியில் ஒரு மிருகத்தைச் செதுக்குவது அந்தத் தேசத்து வழக்கம்.

இத்தனை பேர் இருந்தும் ராஜ மரியாதை என்னவோ கேடயத்துக்குத்தான். தலைமாட்டுச் சுவரில் அதைக் கல்லில் செதுக்கி, சிவப்பு வண்ணம் பூசி, அதில் மூன்று பொன்னிறக் காட்டுப்பன்றிகளை எழுதியிருந்தார்கள். பன்றி என்றதும் சிரிக்காதீர்கள். அங்கே அது வீரத்தின் அடையாளம். அந்தக் கல்லறையில் பெயர் வெட்டவில்லை. படிக்கத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்னும்போது பெயரை வெட்டி என்ன பயன்? மூன்று பன்றியைப் பார்த்தால் பால் குடிக்கிற பிள்ளைகூட "ஓஸ்பெர்ட் பிரபு" என்று சொல்லிவிடும்.

கேடயத்துக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்ததை அது வாய்க்குள் வைத்துக்கொள்ளாது. "நான் இருக்கிறவரைதான் இவர் பிரபு. நான் இல்லாவிட்டால் படுத்துத் தூங்குகிற யாரோ ஓர் ஆள்" என்று அடிக்கடி சொல்லும்.

பிரபுவுக்குச் சுருக்கென்றிருக்கும். தன் முகம் ஒன்று போதாதா என்பார். அப்போது நாய் டோரி மெல்லச் சிரிக்கும். ஏனென்றால் முகத்தின் கதை அதற்குத் தெரியும். சிற்பி பிரபுவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. எங்கோ தூரத்து ஊரில் உட்கார்ந்து, எல்லாப் பிரபுக்களுக்கும் வழக்கமாகச் செதுக்கும் ஓர் அழகு முகத்தை இவருக்கும் செதுக்கி வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டான். நிஜப் பிரபுவுக்கு வழுக்கைத் தலை, சப்பை மூக்கு. சீமாட்டியே ஆரம்பத்தில் இவர் கையைப் பிடிக்கக் கூச்சப்பட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்னை மட்டும் அவன் பார்த்துச் செதுக்கினான்" என்று டோரி பெருமையடித்துக்கொள்ளும். அது உண்மை. பிறகு கல்லறையைப் பொருத்த நேரில் வந்த சிற்பியின் ரொட்டியைத் தின்றுகொண்டு நிஜ டோரி அவன் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவனும் அதைப் பார்த்தே மீதிக் கல்லைச் செதுக்கி முடித்தான். வேட்டையில் கிழிந்த இடது காதையும், வீட்டு வில்வீரன் ஒருவன் அதற்குப் போட்ட கோணல் தையலையும்கூட விடவில்லை.

இப்படிச் சண்டையும் சமாதானமுமாகக் காலம் ஓடியது. பழைய ராஜா செத்தார். புது ராஜா வந்தார். ஓஸ்பெர்ட் பிரபு உயிரோடு இருந்த நாளில் அவரிடம் தோற்று ஓடியவர் இந்த ராஜா. செத்தவரை வேறென்ன செய்ய முடியும்? நாடு முழுக்க எங்கெல்லாம் மூன்று பன்றி தெரிகிறதோ அங்கெல்லாம் அந்த உருவத்தை இடித்துத் தூளாக்குங்கள், பெண்டாட்டி பிள்ளை என்று பார்க்காதீர்கள் என்று ஆட்களை ஏவிவிட்டார்.

இந்தச் செய்தியை ஊசி பாசி விற்கிற ஒருவன் கொண்டுவந்தான். தேவாலயத்தைக் கூட்டிப் பெருக்கும் ஹாவிஸ் என்ற பெண்ணிடம் சொன்னான். பக்கத்து ஊரில் கண்ணாடிச் சன்னலில் மண்டியிட்டிருந்த பிரபு குடும்பத்தை ஒரு பிள்ளை விடாமல் உடைத்துவிட்டார்களாம். நாளைக்கு இங்கே வருகிறார்களாம். ஹாவிஸ் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு எம்மாவின் கல் கன்னத்தைத் தடவினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கல் குடும்பம் கதிகலங்கிப் போயிற்று.

"வரட்டும். நான் யாருக்கும் பயந்தவனில்லை" என்றார் பிரபு. குரல் மட்டும் கம்மியிருந்தது.

"உங்கள் வீரம் இருக்கட்டும்" என்றாள் சீமாட்டி. "உங்கள் கை என் கையில் இருக்கிறது. உங்களை உடைத்தால் என் கையும் போகும். பிள்ளைகளும் போவார்கள். நிஜப் பிள்ளைகளில் ஒருவர்கூட இன்று உயிரோடு இல்லை. இந்த முகங்கள்தான் எனக்கு மிச்சம்."

எம்மா அழவில்லை. கேடயத்தை அண்ணாந்து பார்த்து, "கேடயத் தாத்தா, அவர்கள் உங்களைத்தானே தேடி வருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

கேடயம் பொரிந்து தள்ளியது. நான் போனால் இந்த வம்சத்துக்கு என்ன அடையாளம் இருக்கும்? நாளைக்கு யாராவது வந்து இது யார் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? பரம்பரை கௌரவத்தைக் குழிதோண்டிப் புதைக்கச் சொல்கிறீர்களா? சீமாட்டி, "நான் மூன்று பன்றிகளைக் கல்யாணம் செய்துகொள்ளவில்லை" என்றாள்.

கேடயம் வெகுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கீழே எம்மா தன் அண்ணன்மார்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், மறந்துவிடக் கூடாது என்பதைப் போல. அதைக் கேடயத்தால் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சுவரில் ஈரம் என்றொரு பழைய எதிரி உண்டு. வருஷக்கணக்காகக் கேடயத்தின் வண்ணத்தை உரிக்கப் பார்த்தும் அதன் பாச்சா பலிக்கவில்லை. கேடயம் பல்லைக் கடித்துக்கொண்டு வண்ணத்தைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது அதையே கூப்பிட்டது.

"ஏ ஈரமே, உள்ளே வா. நான் தடுக்க மாட்டேன்."

ஈரம் நம்பவில்லை. ஏதோ சூழ்ச்சி என்று நினைத்துச் சுவரோரமாகவே நின்றது. பிறகு தயங்கித் தயங்கி வந்தது. சிவப்பு உரிந்தது. முதல் பன்றி விழுந்தது. அடுத்த பன்றியும் விழுந்தது. கடைசிப் பன்றியை விடும்போது கேடயம் வாய்விட்டு அழுதுவிட்டது. பிரபுவுக்கு அதைத் தேற்ற வேண்டும்போல இருந்தது. கை மனைவியிடம் இருந்ததால் அப்படியே கிடந்தார்.

காலையில் ஹாவிஸ் வந்து தரையில் கிடந்த சிவப்பையும் பொன்னையும் பார்த்தாள். மளமளவென்று கூட்டி அள்ளி மேலாடை நுனியில் முடிந்துகொண்டாள்.

சிறிது நேரத்தில் சம்மட்டிகளோடு ராஜாவின் ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்களின் தலைவன் பெயர் ஹாமண்ட். நரைத்த தாடி, சலித்துப்போன முகம். ஆட்கள் மூலை முடுக்கெல்லாம் பன்றியைத் தேடினார்கள். கேடயம் மொட்டைக் கல்லாக நின்றது.

கல்லறை யாருடையது என்று ஹாவிஸைக் கேட்டார்கள். "எனக்கென்ன தெரியும் ஐயா, நான் கூட்டுகிறவள். படுத்திருக்கிறவர் இதுவரை யாரையும் ஒரு தொந்தரவு செய்ததில்லை" என்றாள்.

ஒரு தடியன் சம்மட்டியை ஓங்கினான். பெரிய இடத்து ஆள்போல இருக்கிறது, எதற்கும் உடைத்து வைப்போம் என்பது அவன் கட்சி. ஹாமண்ட் பிரபுவின் முகத்தைப் பார்த்தான். அந்த அழகு முகம் அவனுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. உன் இஷ்டம் என்பதுபோல் தலையாட்டியபடி திரும்பினான்.

திரும்பியபோது சீமாட்டியின் காலடி கண்ணில் பட்டது. அப்படியே நின்றுவிட்டான். மெல்லக் குனிந்தான். டோரியின் இடது காதை விரலால் தொட்டான். கிழிசல் இருந்தது. கிழிசலின் மேல் அந்தக் கோணல் தையலும் இருந்தது. விரல் தையலின் மேலேயே போய் வந்தது. கல் குடும்பம் மூச்சை அடக்கிக்கொண்டது.

"கையை இறக்கு" என்றான் ஹாமண்ட்.

தடியன் முறைத்தான். ஹாமண்ட் எழுந்து நின்றான். "ஓஸ்பெர்ட் பிரபு வீட்டில் வில் பிடித்தவன் நான். அவருக்கு மூக்கு சப்பை. தலையில் முடி கிடையாது. இது யாரோ ஓர் அழகன். வேலையைக் கெடுக்காமல் அடுத்த ஊருக்கு நடங்கள்."

ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார்கள். வாசல் வரை போன ஹாமண்ட் திரும்பி வந்து, நாயின் தலையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். குதிரைக் குளம்புச் சத்தம் தேய்ந்து மறையும் வரை யாரும் அசையவில்லை. ஹாவிஸ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம்தான் எல்லோருக்கும் உயிர் வந்தது. பிள்ளைகள் ஒரே நேரத்தில் பேசினார்கள். சீமாட்டி கணவரின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மொட்டைக் கேடயத்துக்குக்கூடத் தலைப்பாரம் இறங்கினாற்போல் இருந்தது. வண்ணத்தைப் பிடித்துப் பிடித்து அதற்கு எவ்வளவு களைப்பு என்று அதற்கே அன்றுதான் தெரிந்தது. எம்மா அதைப் பார்த்துச் சிரித்தாள். அதுவும் சிரித்தது.

பிரபுவுக்கு மட்டும் ஒரு குறை மனதை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நாயிடம் கேட்டேவிட்டார்.

"என் சோற்றைத் தின்றவன். என் பக்கத்தில் நின்று வில் வளைத்தவன். அவனுக்கு என்னைத் தெரியவே இல்லையா?"

"உங்களைத் தெரியவில்லை, பிரபுவே" என்றது டோரி. "என்னைத் தெரிந்தது."