யோசனைக்கு எத்தனை கோல்?

"தாயே, நிலா எத்தனை கோல் தூரத்துல இருக்கு?"

குன்றேறி வந்த மூச்சு அடங்குமுன்பே கேட்டுவிட்டார் சேந்தன்.

அவர் மேலக்குளத்துக் கணியர். நாள், நட்சத்திரம், கிரகணம் எல்லாம் கணக்குப் போட்டுச் சொல்பவர். தலை நரைத்த பிறகுதான் வெண்பாறைச் சமணப் பள்ளியில் பாடம் சொல்லும் துறவி அம்மாளிடம் சீடராகச் சேர்ந்தார். அந்த அம்மாளைக் குரத்தியார் என்பார்கள். சேந்தனின் மகளைவிட நாலைந்து வயசு மூத்தவர், அவ்வளவுதான். ஆனாலும் அவர் முன்னால் போய் நின்றால் சேந்தனுக்குக் கை தானாகக் கட்டிக்கொள்ளும்.

குரத்தியார் மயிற்பீலியால் பாறையை மெதுவாகக் கூட்டினார். எறும்புகள் ஒதுங்கும்வரை பொறுத்திருந்து உட்கார்ந்தார்.

"ஏன், நிலாவுக்கு வேலி போடப் போறீரா?"

சேந்தன் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

மேலக்குளத்துக்கும் கீழக்குளத்துக்கும் நடுவில் கிடக்கும் நஞ்சையை அளக்கப் போய்த்தான் வினை வந்தது. நிலம் அளக்க இரண்டு ஊரிலும் பதினாறு சாண் கோல்தான். ஆனால் அந்தந்த ஊர்த் தலைவரின் கைச்சாண். "கீழக்குளத்துத் தலைவருக்குக் கை நீளம்" என்று எவனோ ஒருவன் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டான். கோல் ஏன் நீளமாக இருக்கிறது என்று விளக்கத்தான் சொன்னான். கேட்டவர்கள், தங்கள் தலைவரைத் திருடன் என்கிறான் என்று எடுத்துக்கொண்டார்கள். மண்டைகள் உடைந்தன. போக்குவரத்து நின்றது.

அந்தக் கை நீளமான தலைவர் கூத்தன், சேந்தனின் சம்பந்தி. மகள் சாத்தி வாக்கப்பட்டிருப்பது அந்த வீட்டில். அவளுக்கு இது தலைப்பிரசவம், நிறைமாசம். கோல் தகராறு தீராமல் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று கூத்தன் ஒற்றைக்காலில் நிற்கிறார். சேந்தன் வீட்டு அடுப்பில் நாலு நாளாக ஒழுங்காகச் சோறு வேகவில்லை.

"எனக்கு ஒரு யோசனை தோணுச்சு, தாயே."

"சொல்லும்."

"ரெண்டு ஊருக் கோலும் வேண்டாம். வானத்துலயிருந்து ஒரு கோல் எடுப்போம். நிலா எந்த ஊருக்கும் சொந்தமில்லை பாருங்க. அது இத்தனை யோசனை தூரம்னு வான நூல்ல இருக்கு. யோசனையைக் கோலா மாத்திட்டா அதுதான் பொதுக்கோல். நான் கொண்டு வாரதை ஏத்துக்கிடுதோம்னு ரெண்டு ஊரும் சொல்லிருச்சு."

"மாத்தினீரா?"

"எட்டாயிரம் ஆள் உயரம் ஒரு யோசனை. ஆளுக்கு எண்சாண் உடம்பு. கோலுக்குப் பதினாறு சாண். அப்போ ரெண்டு ஆள் ஒரு கோல். நாலாயிரம் கோல் ஒரு யோசனை."

"கணக்கு சுத்தமா இருக்கே. பிறகு என்ன?"

சேந்தன் தலையைச் சொறிந்தார்.

"மூங்கிலைக் கையில எடுத்தேன். எந்த இடத்துல வெட்டுறதுன்னு தெரியலை."

குரத்தியாரின் கண்ணில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"எட்டாயிரம் ஆள்ங்கிறீரே. யாரு ஆளு? மேலக்குளத்து ஆளா, கீழக்குளத்து ஆளா?"

"நூல்ல வெறும் ஆள்னுதான் போட்டிருக்கு, தாயே."

சொன்ன வாயை மூடவில்லை, சேந்தனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தக் காலத்து மனிதனோ, எந்த ஊரோ. நிலாவை அளக்க நினைத்தவனிடம் அளவுகோல் என்று ஒன்றும் இல்லை. தன் உடம்பையே எடுத்து வானத்தில் அடுக்கியிருக்கிறான். இத்தனை வருஷம் அந்த வரியை மனப்பாடமாக ஒப்பித்தும் அவனை ஒருநாளும் நினைத்ததில்லையே என்று சேந்தனுக்குக் கண் கலங்கியது.

"நாளைக்கு மூங்கிலோட வாரும். உம்ம சம்பந்திக்கு நான் சொல்லி அனுப்புதேன்" என்றார் குரத்தியார்.

அவர் கூப்பிட்டு வராமலிருக்க எந்த ஊர்த் தலைவருக்கும் மனசு வராது. மறுநாள் சாயங்காலம் கூத்தன் வந்தார். நெடுநெடுவென்று பனைமர உயரம். பக்கத்தில் சேந்தன் குட்டை. இருவரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

குரத்தியார் பீலியை எடுத்து, நீளவாக்கில் பாறையைக் கூட்டினார்.

"படுங்க."

"ரெண்டு பேருமா?" என்றார் கூத்தன்.

"ரெண்டு ஆள்தானே ஒரு கோல்? தலையோட தலை வச்சுப் படுங்க."

படுத்தார்கள். குரத்தியார் மூங்கிலைப் பக்கத்தில் கிடத்தி, குனிந்து பார்த்தார்.

"நடுவுல இடைவெளி இருக்கு. கோல் தப்பா வரும்."

கூத்தன் கொஞ்சம் நகர்ந்தார். சேந்தன் கொஞ்சம் நகர்ந்தார்.

"இன்னும்."

உச்சந்தலைகள் முட்டின. குரத்தியார் மூங்கிலில் கோடு போடக் காவிக்கல்லை எடுத்துக்கொண்டு சேந்தனின் பாதத்தருகே போனார்.

மேலே பகல் நிலா வெளிறித் தெரிந்தது. பாறைச் சூடு இருவர் முதுகிலும் ஒரே மாதிரி ஏறியது.

"ஏன்வே சம்பந்தி" என்றார் கூத்தன். "அதுவரைக்கும் போக இந்த மாதிரி எத்தனை ஜோடி படுக்கணும்?"

சேந்தனுக்குக் கணக்கு தெரியும். நாலாயிரத்தால் பெருக்கினால் போதும். ஆனால் வாயில் வேறு வந்தது.

"முதல் ஜோடி படுத்தாச்சு. மிச்சத்தைச் சாத்தியோட பிள்ளை எண்ணட்டும். எங்க வீட்டுல பிறந்து."

கூத்தனின் உச்சந்தலை சேந்தனின் தலையை லேசாக முட்டியது.

"விடிஞ்சதும் வண்டி கட்டிட்டு வாரும்வே. வைக்கோல் நிறையப் போடும். பிள்ளைத்தாய்ச்சி பாரும், குலுங்கக் கூடாது."

சேந்தன் பதறி எழப்போனார்.

"பேசுங்க, பேசுங்க" என்றார் குரத்தியார். "தலையை மட்டும் பிரிக்காதீங்க. நான் இன்னும் கோடு போடலை."