முதலில் கொடியேறிய காவல் எறும்புகள்

ஓடையின் இக்கரையில் ஒரு நாவல் மரம். அக்கரையில் ஒரு புங்க மரம். இரண்டையும் ஒரே ஒரு கொடி இணைத்தது. நாவலில் எறும்புகளின் பெரிய கூடு. புங்கத்தில் அதன் கிளைக்கூடு. சிவப்பு எறும்புகள் கொடி வழியே இரை சுமந்து போகும். வெளிறிய நிறத்து எறும்புகள் காவல் காக்கும்.

காவலுக்கு ஒரே விதிதான். எதிரே வருவதை மோந்து பார். கூட்டு வாசனை இருந்தால் விடு. இல்லையென்றால் அமிலத்தைப் பீச்சு. விசாரணை எல்லாம் கிடையாது.

ஒருநாள் புயலில் கொடி அறுந்தது. ஆறு நாள் கிளைக்கூட்டுக்கு ஒரு துணுக்கு இரையும் போகவில்லை. அங்கிருந்த நாற்பது பேரும் பட்டினி. காவல் தலைவி வெள்ளச்சியின் தங்கை சிறுகாலியும் அவர்களில் ஒருத்தி. வெள்ளச்சி பாவம், ஓடைக்கரையிலேயே தவித்துக் கிடந்தாள்.

ஏழாம் நாள் காலை வேறொரு கொடியின் நுனி காற்றில் ஆடி அக்கரையைத் தொட்டது. வழி திறந்துவிட்டது!

இரை சுமப்பவர்களின் தலைவி செவத்தி முன்னால் வந்தாள். "அக்கா, முதல்ல எங்களை விடுங்க. பசியில கிடக்கிறவங்களுக்குச் சாப்பாடு போகட்டும்."

"அங்கே எந்தப் பகை புகுந்திருக்கோ, யாருக்குத் தெரியும்? காவல் போகாம எதுவும் போகாது" என்றாள் வெள்ளச்சி.

முந்நூறு காவலர்கள் கொடியில் பாய்ந்தார்கள். மெல்லிய கொடி. இடிபட்டு வழியிலேயே அடைத்துக்கொண்டு நின்றவர்கள் பாதிப் பேர். இரையோடு வந்தவர்களால் ஓர் அடி நகர முடியவில்லை.

கூட்டு வாசனை, ஒருவருக்கொருவர் ஊட்டும் இரையோடு வருவது. ஆறு நாள் ஊட்டப்படாதவர்களிடம் அது எப்படி இருக்கும்? இதைக் காவலர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அந்த அவசரத்தில் கேட்டிருக்க மாட்டார்கள்.

அக்கரை சேர்ந்த காவலர்கள், எதிரே வந்த கிளைக்கூட்டாரை மோந்தார்கள், பீச்சினார்கள். அமில நெடி பட்டதும் பின்னால் நின்றவர்களும் வெறிகொண்டு பாய்ந்தார்கள். வெள்ளச்சியும் தன்னை நோக்கி ஓடிவந்த வற்றி ஒடுங்கிய ஓர் உருவத்தின் மேல் பீச்சினாள்.

"அக்கா, நான்தான், சிறுகாலி" என்றது அது. "ஆறு நாள் பசியைத் தாங்கிட்டேன். நீ வந்துட்டேன்னுதான் எதிர்ல ஓடி வந்தேன்."

வெள்ளச்சி நிறுத்தச் சொல்லிக் கதறினாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பசி கொன்றது மூன்று பேரை. காப்பாற்றப் போனவர்கள் கொன்றது, சிறுகாலியையும் சேர்த்து, முப்பது பேரை. செவத்தி கடைசியாக இரையோடு வந்து, ஒரு வார்த்தை திட்டாமல், மிச்சமிருந்த ஏழு பேருக்கு ஊட்டத் தொடங்கினாள். திட்டியிருந்தால் வெள்ளச்சிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நம் உடம்பிலும் இது நடக்கிறது. ரத்தம் நின்றுபோன சதைக்கு மறுபடி ரத்தம் பாயும்போது, வெள்ளை அணுக்களும் கூடவே பாய்கின்றன. மெல்லிய குழாய்களை அடைத்துக்கொள்கின்றன. பிழைத்திருக்கக்கூடிய சதையையும் பகையென்று தாக்குகின்றன. அவை கெட்டவை அல்ல, நம்முடையவைதான். அதுதான் வருத்தம்.

துவண்டு கிடப்பவரிடம் உணவுக்கு முன்னால் ஆயுதத்தை அனுப்புகிறவர், எவ்வளவு அன்போடு அனுப்பினாலும், காப்பாற்ற நினைத்தவரையே இழந்து நிற்பார்.