இடம் மாறிய முகம்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு நாற்பத்தேழு.

குரு மெஹருன்னிசா, சேலத்தில் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் செல்போன் செயலிகள் செய்யும் சிறிய கம்பெனி நடத்துகிறாள். சீடர் குணசீலன் இருபது வருடம் ஒரு பத்திரிகை அச்சகத்தில் பக்கம் வடிவமைத்தவர். அச்சகத்தை மூடியதும் புதுத் தொழில் கற்க இவளிடம் வந்து சேர்ந்தார். அவர் அவளை மேடம் என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் யாருக்குக் கற்றுத் தருகிறார்கள் என்று வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் குழம்புவார்கள்.

அவர்கள் செய்ததில் ஒரு செயலி, கல்வராயன் மலையில் வீடு வீடாகப் போய் மாத்திரை கொடுக்கும் நர்ஸ் பிலோமினாவுக்கானது. நோயாளியின் பெயர், முகம், மாத்திரை மூன்றும் ஒரே வரிசையில் தெரியும். ஆனால் படம் இறங்கி முடிக்கும்வரை போன் அசையாது. மலையில் சிக்னல் இருக்கிற லட்சணத்துக்கு, பாவம், அந்தம்மா ஒவ்வொரு வாசலிலும் பத்து நிமிடம் நின்றார்.

குணசீலன் ஒரு வாரம் உட்கார்ந்து அதை மாற்றினார். இனி படங்கள் பின்னணியில் தாமாக இறங்கும். நர்ஸ் பாட்டுக்குப் பட்டியலைத் தள்ளிக்கொண்டு போகலாம், படம் வந்ததும் தன் இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். எங்கும் நிற்காமல் பட்டியல் ஓடியது. அன்று அவர் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை மதியம் பிலோமினா போன் செய்தார். வெள்ளச்சி என்ற பெயருக்குப் பக்கத்தில் பொன்னுருவியின் முகம் இருக்கிறதாம். குரலில் கோபமே இல்லை. குணசீலன் அவசரமாகப் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

"எனக்கு எல்லாரையும் தெரியும் சார், அதனால தப்பிச்சுது. திங்கக்கிழமை என் இடத்துக்கு இளவேனில்னு புதுப் பொண்ணு வருது. அதுக்கு ஒருத்தரையும் தெரியாது. பொன்னுருவியோட சர்க்கரை மாத்திரையப் போய் வெள்ளச்சிக்குக் குடுத்துட்டா, அந்தம்மா மயங்கி விழுந்துடும்."

திங்கட்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் பழைய நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

குணசீலன் இரண்டு மணி நேரம் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. கடைசியில் குருவிடம் போய் நின்றார்.

"பேரும் சரியா வருது மேடம், படமும் சரியான படம்தான். அப்புறம் எப்படி முகம் மாறுது?"

மெஹருன்னிசா அவருடைய திரையைப் பார்க்கவே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ எழுதி நீட்டினாள்.

"முதல்ல டீ வாங்கிட்டு வாங்க அண்ணா."

அவருக்குச் சுருக்கென்றது. உயிர் போகிற விஷயத்தைக் கேட்டால் டீ வாங்கி வரச் சொல்கிறாளே என்று முனகிக்கொண்டு படியிறங்கினார். காகிதத்தில் ஆள் பெயர் எதுவும் இல்லை. ஜன்னலோர நாற்காலிக்குச் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ, நடு நாற்காலிக்குச் சர்க்கரை போடாமல் ஒன்று, அவ்வளவுதான். ஜன்னலோரம் உட்காருவது கூட வேலை பார்க்கும் ருக்மணி. நடுவில் உட்காருவது வேதநாயகம், பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்காரர்.

திரும்பி வந்தபோது ஜன்னலோர நாற்காலியில் வேதநாயகம் உட்கார்ந்திருந்தார். ருக்மணி நடுவில் இருந்தாள். குணசீலன் டம்ளரும் கையுமாக அப்படியே நின்றார்.

"ஜன்னலோரம்னுதானே எழுதியிருக்கேன்? வைங்க அண்ணா."

"எப்படி மேடம் வைக்கறது? இது ருக்மணி கேட்ட டீ. அங்க இப்ப வேதநாயகம் சாருல்ல உக்காந்திருக்காரு?"

"நீங்க போகும்போது ருக்மணிதான் இருந்தா."

"நான் போகும்போது..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று தன் திரையைத் திரும்பிப் பார்த்தார்.

போன் திரையில் இருப்பது எட்டே வரிசை. பட்டியலைத் தள்ளும்போது மேலே மறைகிற வரிசையே கீழே வேறு பெயரை எழுதிக்கொண்டு வந்து நிற்கும். அவர் எழுதிய கட்டளை, படம் கேட்ட வரிசையை நினைவு வைத்திருந்தது. யாருக்காகக் கேட்டது என்பதை வைத்திருக்கவில்லை. பொன்னுருவியின் படம் இறங்கி வருவதற்குள் அந்த வரிசைக்கு வெள்ளச்சி வந்துவிட்டிருந்தாள்.

"என் டீ ஆறிப் போகுது குணா," என்றார் வேதநாயகம்.

அவருக்கு உரியதை அவரிடம் கொடுத்துவிட்டு, குணசீலன் தன் டீயைக் குடிக்க மறந்து வேலையில் உட்கார்ந்தார். இறங்கி வரும் ஒவ்வொரு படமும் இப்போது முதலில் ஆளைப் பார்த்தது. கேட்டவர் அங்கே இல்லையென்றால் ஒட்டாமல் சேமிப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. வரிசையில் பெயர் மாறும்போது பழைய முகமும் அழிந்தது. புது முகம் வரும்வரை அங்கே வெறும் சாம்பல் நிற வட்டம் இருந்தது.

அந்த வட்டம் அவரை உறுத்தியது. இருபது வருடத்தில் ஒரு பக்கத்தில்கூட அவர் இடம் காலியாக விட்டதில்லை. செய்தி குறைந்தால் ஒரு துணுக்கையாவது போட்டு அடைத்துவிட வேண்டும், அச்சகத்தில் அதுதான் வழக்கம். இங்கேயும் ஒரு பொம்மை முகம் போட்டுவிடலாமா என்று கேட்டார். திங்கள் போகட்டும் என்றாள் மெஹருன்னிசா.

திங்கள் மாலை இளவேனில் போன் செய்தபோது குணசீலன் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார். நாற்பத்திரண்டு வீடும் முடிந்ததாம். எல்லா முகமும் சரியாம்.

"ஒரே ஒரு வீட்லதான் சார் சிக்னல் இல்ல, வட்டம் காலியாவே இருந்துச்சு. அதனால பேரு கேட்டேன், வெள்ளச்சின்னாங்க. வீட்டுக்காரர் பேரு, ஊரு எல்லாம் கேட்டு, பழைய நோட்டோட ஒத்துப் பாத்துட்டுதான் மாத்திரை குடுத்தேன். பலாச்சுளை குடுத்தாங்க சார், அவ்ளோ இனிப்பு."

குணசீலன் மெல்ல நாற்காலியில் சாய்ந்தார். மூன்று நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் எழுந்து போனது. கண் கலங்கியதை மறைக்கவும் தோன்றவில்லை. இன்றைக்கு எல்லோருக்கும் டீ தன் செலவு என்றார்.

டீத் தட்டை எடுத்துக்கொண்டு படி வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். பழக்கம் விடுமா?

"எல்லாம் சரி மேடம். ஆனா அந்த ஒரு வீட்ல வட்டம் காலியா கிடந்துச்சேன்னுதான் இருக்கு. ஒரு பொம்மை முகமாவது போட்டுடலாமே?"

மெஹருன்னிசா தலை நிமிராமல் சொன்னாள்.

"ஏதோ ஒரு முகம் இருந்திருந்தா, அந்தப் பொண்ணு பேரு கேட்டிருக்குமா அண்ணா?"