மோர் கொடுத்த வீடு

பரிசுக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதைகள் உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும். அவமானத்துக்கு மூன்று பேர் போட்டி போட்ட கதை ஒன்று என்னிடம் இருக்கிறது. கேட்டுவிட்டு, அது யாருக்குச் சேர வேண்டும் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

வேலூருக்கு மேற்கே ஆலங்குன்றம் என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பார். அந்த ஊர்ப் பள்ளியில் நான் தலைமையாசிரியர்.

எங்கள் ஊர் தெய்வசிகாமணி பனிமலை எல்லையில் நடந்த போரில் இறந்தான். அவனுக்குத் தாய் பூங்காவனம், மனைவி வேதவல்லி. பட்டாளத்தில் இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிடுவார்கள். ஒருவன் உயிருக்கு மற்றவன் பொறுப்பு. தெய்வசிகாமணியின் ஜோடி பிச்சாண்டி, தருமபுரிக்காரன். அவன் உயிரோடு திரும்பினான்.

திரும்பியவன் ஆண்டுதோறும் நினைவு நாளன்று பஸ் ஏறி வந்துவிடுவான். படத்துக்கு மாலை போட்டு சல்யூட் அடிப்பான். பிறகு, நண்பன் எதிரியின் பதுங்குகுழியை நோக்கித் துப்பாக்கியோடு ஓடியதையும் ஓட்டத்திலேயே விழுந்ததையும் சொல்வான். நாங்கள் வாயைப் பிளந்து கேட்போம். "இன்னொரு தடவை சொல்லுப்பா" என்று கேட்ட ஆட்களில் நானும் ஒருவன். கதை முடிந்ததும் பூங்காவனம் தன் கையால் டீ போட்டுக் கொடுப்பாள். மகனுக்குப் பிடித்த மாதிரி இஞ்சி தட்டிப் போட்ட டீ. டம்ளரை வாங்கியதும் பிச்சாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிடுவான். பாசம் என்று நினைத்துக்கொண்டோம்.

மூன்றாம் ஆண்டு அவனுக்குத் தாங்கவில்லை. வீட்டுக் கொல்லையில் வேதவல்லியைத் தனியே நிறுத்தி, "தங்கச்சி, அவன் ஓடல" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பூங்காவனம் அப்போது அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். இதெல்லாம் பின்னாளில் அவர்களே எனக்குச் சொன்னது.

அந்த மலையில் பகலில் அடுப்பு மூட்டக் கூடாது. புகை தெரிந்தால் எதிர் மலையிலிருந்து குண்டு வரும். இரண்டு நாளாகப் பனிக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கிடந்த பிச்சாண்டிக்கு ஒரு வாய் டீ குடிக்காமல் முடியவில்லை. "வேணாம்டா" என்று தெய்வசிகாமணி சொல்லச் சொல்லக் கேட்காமல் ஒரு தகர டப்பாவில் சுள்ளியைக் கொளுத்தினான். குண்டு வந்தது. வரும் சத்தம் கேட்டதும் தெய்வசிகாமணி பிச்சாண்டியைக் கீழே தள்ளி அவன்மேல் கவிழ்ந்துகொண்டான்.

வேதவல்லி அழவில்லை. "இத யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணா. அத்தைக்குத் தெரிஞ்சா உசிர விட்டுடுவாங்க" என்றாள்.

அன்று டீ வரவில்லை. "பால் திரிஞ்சு பூடுச்சுப்பா, மோர் குடி" என்று பூங்காவனம் ஒரு சொம்பை நீட்டினாள். அடுத்த ஆண்டும் மோர்தான். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவனுக்கு டீ கொடுத்து நான் பார்க்கவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு பள்ளி வாசலில் நினைவுக்கல் நட்டோம். வாசகம் எழுதியது நான். பிச்சாண்டி சொன்னதோடு நிறுத்தாமல், "மார்பில் ஏழு குண்டுகளைத் தாங்கி" என்று என் பங்குக்கும் சேர்த்துவிட்டேன். படிக்க அழகாக இருந்தது. பந்தல், நாற்காலி, மைக் எல்லாம் என் பொறுப்பு. பெரிய விருந்தினர்கள் வந்திருந்தார்கள். திரையை விலக்கப் பிச்சாண்டியைக் கூப்பிட்டோம். விலக்கினான், படித்தான். மைக்கைப் பிடித்தான்.

"ஏழு குண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் ஓடவே இல்ல. நான் டீ போட்டேன். அந்தப் புகையாலதான் செத்தான்."

கூட்டத்தில் ஒரே சலசலப்பு. "அப்போ அவன் என் மேல..." என்று அவன் தொடர்வதற்குள் மைக் நின்றுவிட்டது. பிறகு நடந்தது மேடையருகே நின்ற நாலைந்து பேருக்குத்தான் கேட்டது.

பிச்சாண்டி பூங்காவனத்தின் காலில் விழுந்தான். "பன்னெண்டு வருஷமா உங்க வீட்டுல பொய்யச் சொல்லிட்டு உக்காந்து சாப்பிட்டேம்மா. வெக்கங்கெட்டவன் நான்தான்."

வேதவல்லி முன்னால் வந்தாள். "சொல்ல வந்தவரத் தடுத்தவ நான். அத்தைக்காகன்னு சொன்னதும் பொய்தான். டீக்குச் செத்தவன் பொண்டாட்டின்னு ஊரு பேசுமேன்னு பயந்தேன். வெக்கம் என்னுது."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க" என்றாள் பூங்காவனம். "அன்னிக்கு அடுப்படியில எனக்கு எல்லாம் காதுல வுழுந்துச்சு. நல்லா இருந்த டீயக் கீழ கொட்டிட்டுத்தான் மோரு எடுத்தாந்தேன். தெரியும்டான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்தப் புள்ள நிம்மதியா இருந்திருக்கும். சொல்லிட்டா மறுவருஷம் வரமாட்டானோன்னு வாய மூடிக்கினு இருந்தேன். எம் புள்ள பேரச் சொல்லிக்கினு இவன வுட்டா யாரு வரா? அதுக்காக வருஷா வருஷம் இவன் வாயால பொய் சொல்ல வெச்சுக் கேட்டுக்கினு இருந்தேனே. எனக்குத்தான்யா வெக்கம்."

தன் தப்பைப் பொய்யால் மூடியவன் ஒருவன். மூடி வைக்கச் சொன்னவள் ஒருத்தி. தெரிந்தும் தெரியாதவள்போல் இருந்தவள் இன்னொருத்தி. இதில் தலைகுனிய வேண்டியவர் யார்?

விடை: இந்த மூவரில் யாரும் இல்லை. மூவரும் தங்கள் பங்கை வாய்விட்டுச் சொல்லிவிட்டார்கள். மைக் தானாக நிற்கவில்லை. விருந்தினர் முன் விழா கெட்டுவிடக் கூடாதே என்று ஒயரைப் பிடுங்கியவன் நான். அதனால் ஊர் பாதியைத்தான் கேட்டது. டீக்காகச் செத்தவன் என்று இன்று பேசுகிறார்கள். கூட்டாளியைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு செத்தவன் என்று பேசுவதில்லை. அவன் செய்தது நான் கல்லில் எழுதியதைவிடப் பெரியது. அந்தக் கல்லையும் நான் இன்னும் மாற்றவில்லை. "திருத்தி எழுதுங்க சார்" என்று பூங்காவனம் இரண்டு முறை பள்ளிக்கு வந்து கேட்டாள். பார்க்கலாம் அம்மா என்று சொல்லி, இரண்டு முறையும் உட்கார வைத்து டீ வரவழைத்தேன். அவள் அதைத் தொடாமல் எழுந்து போனாள்.