எட்டு அலகு மடக்குக் கத்தி

முன்னொரு காலத்தில், இன்று பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு நாட்டில், புதுப்பொருள் எதைக் கண்டாலும் அதன்மேல் பித்தாகிவிடும் அரசர் ஒருவர் இருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் தமக்கு ஒன்று பிடித்துவிட்டால் அது ஊருக்கெல்லாம் பிடித்தாக வேண்டும் என்று நினைப்பார்.

அவருடைய சபையில் மருதவாணன் என்றொரு விகடகவி இருந்தான். அரசரைச் சிரிக்கவைப்பதுதான் அவன் பிழைப்பு. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருநாள் கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அரசருக்கு ஒரு மடக்குக் கத்தியைக் காணிக்கையாகக் கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்கும் பொருள். விரித்தால் எட்டு அலகு. பழம் நறுக்க ஒன்று, சின்ன ரம்பம் ஒன்று, அரம், துளையூசி, கத்தரி, கொக்கி, முள்வாங்கி, கடைசியாகப் பல்குத்தி. அன்று காலைதான் அரசருக்கு நந்தவனத்தில் காலில் முள் தைத்திருந்தது. வணிகன் முள்வாங்கியால் அதை நொடியில் எடுத்துப்போட்டான். அரசர் அப்படியே சொக்கிப்போனார்.

மருதவாணன் எழுந்தான். அவன் நாக்கு சும்மா இருக்காது.

"அரசே, இனித் தச்சன் எதற்கு? நாவிதன் எதற்கு? சமையற்காரன்தான் எதற்கு? இந்தக் கத்தி ஒன்று போதும். இடுப்பில் செருகிக்கொண்டால் இராச்சியமே மடியில் இருக்கிறதே!"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அரசர் சிரிக்கவில்லை. கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, "உண்மைதான்" என்றார்.

ஆயுதசாலைத் தலைவர் வில்லவராயர் இதற்காகவே காத்திருந்தவர்போல் முன்னால் வந்தார். அவருக்கு மருதவாணனைக் கண்டால் ஆகாது. அதோடு வேல்முனை வார்க்க இரும்பும் தேவைப்பட்டது. "அரசே, இதைப்போல் நூற்றுக்கணக்கில் இந்த வணிகனிடமே வாங்கி அரண்மனைப் பணியாளர்களுக்கும் ஊராருக்கும் கொடுத்துவிடலாம். அவர்களிடம் இருக்கும் பழைய கருவிகளை உருக்கிப் படைக்கு ஆயுதம் செய்யலாம். யோசனை நம் விகடகவியாருடையது. பெருமையும் அவருக்கே சேரட்டும்" என்றார்.

மறுநாளே முரசறைந்தார்கள். கோடரி, உளி, அரிவாள்மணை, சவரக்கத்தி எல்லாம் ஆயுதசாலைக்குப் போயின. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடக்குக் கத்தி வந்தது.

சமையற்காரர் ஒரு பூசணிக்காயை அறுப்பதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிட்டது. நாவிதர் சவரம் செய்த முகங்களைப் பார்த்தவர்கள் சண்டை ஏதும் நடந்ததா என்று விசாரித்தார்கள். எல்லோரும் மருதவாணனிடம் வந்து முறையிட்டார்கள்.

"பொறுங்க. வெறுமனே போய்ச் சொன்னா நல்லா இருக்காது. ஒரு நல்ல விகடமா சொல்லி அந்த உத்தரவைக் கவுத்துடறேன்" என்றான் அவன்.

அப்படியே யோசிக்கவும் செய்தான். ஒரு வேடிக்கையைக் கட்டுவான், சுவை போதவில்லை என்று கலைப்பான், இன்னொன்று கட்டுவான். இப்படியே பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராம் நாள், தேர் நிற்கும் தேர்முட்டியில் கூட்டமாக இருந்தது. மருதவாணன் விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தான். அரண்மனைத் தேர்த்தச்சர் திருமேனி ஆசாரி சக்கரத்தின்மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலக்கையில் சுற்றிய துணி நனைந்து சிவந்திருந்தது. ஆரக்கால் பொருத்தக் குழி தோண்ட உளி இல்லாமல், மடக்குக் கத்தியின் முனையை மரத்தில் குத்தி அழுத்தியிருக்கிறார். அலகு மடங்கி விரல்கள்மேல் விழுந்துவிட்டது. அது மடங்குவதற்கென்றே செய்த கத்தி. மரத்தைக் குத்தித் தோண்டச் செய்ததல்ல.

வைத்தியர் மருதவாணனைத் தனியே அழைத்து, "ரெண்டு விரல் நரம்பு போயிட்டுது. இனி மடங்காது" என்றார்.

மருதவாணன் அங்கிருந்து நேரே சபைக்குப் போனான். வேடிக்கை எதையும் யோசிக்கவில்லை. "அரசே, அந்தக் கத்தியைப்பற்றி நான் சொன்னது விளையாட்டு. அதனால் ஒருவர் கை போய்விட்டது. கருவிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்று கைகூப்பினான்.

வில்லவராயர் விடவில்லை. "இந்தக் கத்தி ஒன்று போதும் என்று அரியணை முன்னால் சொன்னவர் நீர்தானே? அது பொய் என்றால் அரசரிடம் பொய் சொன்னதாகாதா? மெய் என்றால் மெய்ப்பித்துக் காட்டும். தேரோடும் வீதியில் இடி விழுந்து காய்ந்த இலுப்பை மரம் நிற்கிறது. பொழுது சாய்வதற்குள் இந்தக் கத்தியைக் கொண்டு அதைச் சாய்த்துவிடும்!"

தம்முடைய ஆசைப்பொருளைக் குறை சொன்னதில் அரசருக்கும் கோபம். "அப்படியே ஆகட்டும். உம் கையில் வேறு கருவி இருக்கக் கூடாது. மரம் விழவில்லையென்றால் நாளை இந்த நாட்டில் நீர் இருக்கக் கூடாது" என்றார்.

மருதவாணன் தன் இடுப்பிலிருந்த மடக்குக் கத்தியை எடுத்துப் பார்த்தான். பிறகு கேட்டான்: "அரசே, இந்தக் கத்தியால் எதை வேண்டுமானாலும் வெட்டலாமா?"

"எதை வேண்டுமானாலும் வெட்டும். உம்மை யாரும் தடுக்கமாட்டார்கள்" என்றார் அரசர்.

"துணைக்கு ஆள் சேர்த்துக்கொள்ளலாமா?"

வில்லவராயர் சிரித்தார். "ஊரையே கூட்டிக்கொள்ளும்! ஊரார் கையில் இருப்பதும் இதே கத்திதானே?"

மருதவாணன் விறகுவெட்டிகள் ஆறு பேரை அழைத்துக்கொண்டான். இலுப்பை மரத்தடிக்குப் போகவில்லை. நேரே ஆயுதசாலை முற்றத்துக்குப் போனான். அங்கே மறுநாள் உலைக்களத்துக்குப் போக வேண்டிய கருவிகளெல்லாம் கட்டுக்கட்டாக வண்டிகளில் ஏற்றப்பட்டிருந்தன. கட்டு ஒவ்வொன்றையும் கட்டைவிரல் பருமன் கயிற்றால் இறுக்கி முடிச்சில் முத்திரை வைத்திருந்தார்கள்.

மடக்குக் கத்தியை விரித்தான். காவலன் ஓடிவந்தான்.

"நிறுத்துங்க! தலைவர் முத்திரை அது!"

"அரசர் எதை வேணும்னாலும் வெட்டச் சொல்லியிருக்கார். சந்தேகம்னா போய்க் கேட்டுட்டு வா."

காவலன் போய்க் கேட்டு வருவதற்குள் முதல் கயிறு அறுந்து விழுந்தது. அலகு மடங்கி விரல்மேல் விழுந்துவிடாமல் பார்த்துப் பார்த்து அறுத்தான். கயிற்றுக்கு அந்த அலகு அவ்வளவு பொருத்தமாக இருந்தது. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. நல்ல கத்தி என்பதில் சந்தேகமே இல்லை. அதுதான் அவனை இன்னும் வருத்தியது. கத்திமேல் பழிபோடவும் வழியில்லை.

பத்துக் கட்டுகளை அறுத்தான். விறகுவெட்டிகள் ஆளுக்கொரு கோடரியை எடுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினார்கள்.

பொழுது சாய இன்னும் ஒரு நாழிகை இருக்கும்போது அரசர் பல்லக்கில் வந்தார். இலுப்பை மரம் வீதிக்குக் குறுக்கே கிடந்தது.

"அரசே, இது கோடரி வெட்டு! இவர் ஏமாற்றிவிட்டார்!" என்று கத்தினார் வில்லவராயர்.

"நான் கோடரியைத் தொடவே இல்லை, அரசே" என்றான் மருதவாணன். "என் கையில் இருந்தது இந்தக் கத்தி மட்டும்தான். நான் வெட்டியது பத்துக் கயிறு. மரத்துக்கும் கோடரிக்கும் நடுவே தடையாக இருந்தது அந்தக் கயிறுதான். அதை அறுக்க இதைவிட நல்ல கருவி இல்லை. முள் எடுக்கவும், பழம் நறுக்கவும்கூட இதைவிட நல்லது இல்லை. மரத்தை வெட்ட மட்டும் கோடரிதான் வேண்டியிருக்கிறது."

அரசர் மரத்தைப் பார்த்தார். வில்லவராயரின் முகத்தையும் பார்த்தார். அரசருக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. பல்லக்கு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வில்லவராயரே வீடுவீடாகப் போய்க் கருவிகளைக் கொடுத்து வர வேண்டும் என்று ஆணையிட்டார். தம் கையிலிருந்த கங்கணத்தைக் கழற்றி மருதவாணனுக்குப் போட்டார்.

"இன்னும் என்ன வேண்டும்? கேளும்."

"திருமேனி ஆசாரியின் கை இனி உளி பிடிக்காது. அவர் உள்ளவரை அரண்மனைத் தச்சராகவே அவரை வைத்துக் காப்பாற்ற வேண்டும்."

"அவ்வளவுதானா? அப்படியே ஆகட்டும்! ஆனாலும் நீர் பொல்லாதவர். முதல் நாளே வந்து, 'நான் விளையாட்டுக்குச் சொன்னேன்' என்று சொல்லியிருந்தால் அன்றே முரசைத் திருப்பி அறையச் சொல்லியிருப்பேனே! அப்போது எனக்குக் கோபமும் இல்லை, ஒன்றும் இல்லை" என்று சொல்லி அரசர் மறுபடியும் சிரித்தார்.

கூட்டமும் சிரித்தது. மருதவாணன் வணங்கிவிட்டு நடந்தான்.

திருமேனி ஆசாரி வீட்டு வாசலில் அவர் மனைவி பூவாயி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆசாரி உள்ளே சாய்ந்திருந்தார். மருதவாணன் அரசர் சொன்னதைச் சொன்னான். ஆசாரி தலையாட்டிக்கொண்டார்.

"மரம் எந்தப் பக்கம் விழுந்துச்சு சாமி?"

"தெற்கே, ஆசாரி."

"நல்லவேளை. வடக்கே சாஞ்சிருந்தா மடத்துச் சுவரு போயிருக்கும்."

"ஆசாரி... அன்னைக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்."

"சபையில நானும்தான் இருந்தேன். பந்தக்கால் சரிபண்ண வந்திருந்தேன். நீங்க சொன்னதைக் கேட்டு எனக்கும் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சேன். விளையாட்டாச் சொன்னதுக்கு என்ன பண்றது, விடுங்க."

பூவாயி புடைப்பதை நிறுத்தினாள்.

"அவரு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சாமி. கை போன அன்னைக்கு ராசாகிட்ட ஓடுனீங்களே, அதுக்கு முந்தி பத்து நாளு என்ன பண்ணீங்க?"

எந்தக் கேள்விக்கும் சட்டென்று பதில் வைத்திருப்பவன் மருதவாணன். ஒரு நொடியில் மூன்று பதில்கள் நாக்கு நுனிக்கு வந்தன. மூன்றுமே சிரிப்பு வரவழைக்கக் கூடியவை. அவன் அவற்றை விழுங்கினான்.

"நல்லா சொல்லணும்னு காத்திருந்தேன், தாயி" என்றான்.

பூவாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.