குடத்துக்குள் நின்றவள்

தவசிமணிக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதைச் சுத்தம் பண்ணிவிடுவார். சாத்தூரில் கல்யாண ஆல்பம் செய்து பழகிய கை அது. மணமேடைக்குப் பின்னால் வாய் நிறைய வெற்றிலையோடு நிற்கிறவர், மாப்பிள்ளை வீட்டோடு மனஸ்தாபமான சித்தப்பா, தாலியறுத்த அத்தை, யாராக இருந்தாலும் சரி. வீட்டுக்காரர்கள் வேண்டாம் என்று விரல் நீட்டினால் போதும், ஆள் நின்ற இடத்தில் பூச்சரம் தொங்கும். அப்படி ஒரு நேர்த்தி.

நாற்பதைத் தாண்டிய பிறகு மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது, சினிமாவுக்கு கிராபிக்ஸ் செய்ய வேண்டும் என்று. சாலிகிராமத்தில் ஒரு ஸ்டூடியோவில் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே அவருக்குக் குருவாக வாய்த்தவள் மெஹருன்னிசா. அவரைவிடப் பத்து வயது சின்னவள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு பித்தளைக் குடம்.

மலைச்சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போன மகள் திரும்பவில்லை. அவள் கொண்டுபோன குடம் மட்டும் படிகளில் உருண்டு வந்து அம்மாவின் காலடியில் நிற்கிறது. கதை அப்படி. படப்பிடிப்பில் நிஜக் குடம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு தடவை புதருக்குள் போனது, ஒரு தடவை கேமராக்காரர் முழங்காலைப் பதம் பார்த்தது. சரி, கம்ப்யூட்டரில் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

தவசிமணி உயிரைக் கொடுத்துச் செய்தார். கழுத்தில் நசுங்கல், வயிற்றில் புளி போட்டுத் தேய்த்த கீறல், தண்ணீர் வழிந்து காய்ந்த தடம். குடத்தைத் தனியாகச் சுழற்றிக் காட்டியபோது ஸ்டூடியோவே வந்து பார்த்தது.

காட்சியில் கொண்டுபோய் வைத்தால் செத்துக் கிடந்தது.

"ஒட்ட வச்ச மாதிரி இருக்கு," என்றார் டைரக்டர். "நாளைக்கு ஒரு தடவை பார்க்கிறேன். சரியா வரலைன்னா வேற யாருக்காவது குடுத்துடுங்க."

வேறு யாருக்காவது கொடுத்தால் தவசிமணி சாத்தூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஆல்பக் கடை முதலாளி, "உன் நாற்காலி காலியாத்தான்டா கிடக்கு," என்று போனில் சொல்லியிருந்தார். பாசமாகத்தான் சொன்னார். இவருக்குத்தான் அது மிரட்டல் மாதிரி கேட்டது.

அவர் மெஹருன்னிசாவிடம் போனார்.

"மேடம், கண்ணு எதை வச்சு ஒரு பொருளை நிஜம்னு நம்புது?"

"உருண்டைப் படத்தைக் காட்டுங்கண்ணே."

படப்பிடிப்பில் ஒரு வழக்கம். ஒவ்வொரு காட்சி முடிந்ததும், கம்ப்யூட்டர் பொருள் வரப்போகிற இடத்தில் கண்ணாடி மாதிரி மினுங்கும் ஒரு எஃகு உருண்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். சுற்றியிருக்கிற வெளிச்சம், வானம், ஊர் எல்லாம் அதில் விழுந்திருக்கும். குடம் மினுங்க வேண்டிய மினுக்கம் அதிலிருந்துதான் வரும்.

தவசிமணி பெருமையாகத் திறந்து காட்டினார். "கேமராவுக்குப் பிடிச்ச குடை, லைட்டு, நின்ன ஆளுங்க, எல்லாக் கசடையும் எடுத்துட்டேன் மேடம். வெறும் மலையும் வானமும்தான்."

மெஹருன்னிசா எழுந்தாள். அலமாரியிலிருந்து அந்த எஃகு உருண்டையையே எடுத்து வந்து அவர் மேஜையில் வைத்தாள்.

"இதுல நீங்க தெரியாத இடமாப் பார்த்து நில்லுங்க. நின்னுட்டு என்னைக் கூப்பிடுங்க."

போய்விட்டாள்.

இது என்ன பெரிய காரியம் என்று அவர் இடப்பக்கம் நகர்ந்தார். உருண்டையின் நட்டநடுவில் தவசிமணி. வலப்பக்கம் போனார். நடுவில் தவசிமணி. குந்திப் பார்த்தார், நாற்காலி மேல் ஏறிப் பார்த்தார், கதவு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தார். எள்ளளவு ஆகிப்போனாலும் நடுவில் அவரேதான் நின்றார்.

அப்புறம்தான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. ஜன்னல் வளைந்து கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், மரத்தடியில் இளநீர் வண்டி, அதற்கும் மேலே மத்தியான வானம். கூரை விளக்குகள், அடுத்த மேஜைப் பையனின் காது, யாரோ கழற்றிப் போட்ட செருப்பு. கைக்குள் அடங்குகிற இத்தனூண்டு இரும்பு, ஒன்றையும் வேண்டாம் என்று தள்ளவில்லை. அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இத்தனை நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தார்.

மெஹருன்னிசாவை அவர் கூப்பிடவில்லை. அவளே வந்தாள்.

"முடியாது மேடம். பார்க்கிறவன் அதுக்குள்ள இருக்கான்."

"குடம் வந்து நிக்கிறப்போ, கதையில அங்க குடை இருந்துச்சா?"

"இல்ல."

"லைட்டு?"

"இல்ல."

"அம்மா?"

தவசிமணி சட்டென்று உட்கார்ந்து, சுத்தம் பண்ணாத பழைய படத்தைத் தேடி எடுத்தார். உருண்டையின் ஓரத்தில், குடைக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கறை. பெரிதாக்கினார். கறை இல்லை. வளைந்து நெளிந்து, காட்சி முடிந்தும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிற சிவப்புச் சேலைக்காரி, அம்மாவாக நடித்தவள். இவளைத்தான் பூச்சரம் தொங்கவிடுகிற கையால் துடைத்திருந்தார்.

குடையை எடுத்தார். விளக்கை எடுத்தார். அவளை விட்டார்.

மறுநாள் குடம் படிகளில் உருண்டு வந்தது. அதன் வயிற்றில் மலை சுற்றியது, வானம் சுற்றியது. வேகம் குறையக் குறைய ஒரு சிவப்புக் கீற்று உள்ளே வந்து, அலைந்து, குடம் நின்றதும் தானும் நின்றது. அம்மா.

டைரக்டர் மறுபடி போடச் சொன்னார். பார்த்துவிட்டு, "அந்தம்மா என்னமா நடிச்சிருக்காங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். குடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே போய், அது சரியாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் டீ குடிக்கப் போனார்கள். தவசிமணி நகரவில்லை. சந்தோஷப்பட வேண்டிய மனுஷர், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னண்ணே?"

"ஆல்பத்துல இருந்து எத்தனையோ பேரை எடுத்திருக்கேன் மேடம். ஒரு அத்தை. வளர்த்த பிள்ளையோட கல்யாணம். தூணோரமா நின்னு பார்த்துட்டிருந்துச்சு. நல்ல காரியத்துல அது வேண்டாம்னாங்க. ஒரு படம் விடாம எடுத்துட்டேன்."

மெஹருன்னிசா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மேடையில குத்துவிளக்கு இருந்துச்சா?"

"இருந்துச்சு. நல்லா விளக்கி வச்ச பெரிய விளக்கு."

"அதைத் தொட்டீங்களா?"

"இல்ல மேடம். அதை எதுக்குத் தொடப்போறேன்?"

"அப்போ அந்த அத்தை அதுக்குள்ளதான் நிக்கிறாங்க."